தசையின் இரு முனைகளும் எலும்பில் ஒட்டியிருக்க, நடுவில் அது எப்படி நீளும்?

வாசகர் கேள்வி, 8 ஜூன் 2025

எனக்கு வயது 31. ஞாயிற்றுக்கிழமைகளில் கிரிக்கெட் ஆடுகிறேன், வேகப்பந்து வீசுகிறேன். இரண்டு ஆண்டுகளில் மூன்று முறை வலது பின்தொடை பிடித்துக்கொண்டது. பிசியோதெரபிஸ்ட் 'நார்டிக்' என்ற, முழங்காலிட்டு மெல்ல முன்னால் சாயும் பயிற்சியைக் கொடுத்து, இது தசையை நீளமாக்கும் என்கிறார். அந்தத் தசையின் மேல்முனை இடுப்பெலும்பிலும் கீழ்முனை முழங்காலுக்குக் கீழேயும் ஒட்டியிருக்கிறது. என் தொடையெலும்பு இனி வளரப்போவதில்லை. நடுவில் தசை மட்டும் எப்படி நீளும்? இதுவும் ஜிம்மில் சொல்லும் கதைகளில் ஒன்றுதானா?

8 ஜூன், இரவு 10.15

கதை இல்லை, சொன்ன விதத்தில்தான் குறை. நீள்வது தசை முழுவதும் அன்று, அதற்குள் இருக்கும் நார்க்கற்றைகள்தான்.

ஒரு தென்னங்கீற்றை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவே மட்டை ஓடுகிறது, ஓலைகள் அதிலிருந்து சாய்வாகக் கிளம்புகின்றன. உங்களுக்குத் தொல்லை தரும் தசை, அதாவது பைசெப்ஸ் ஃபெமோரிஸ் என்னும் பின்தொடைத் தசையின் நீண்ட தலை, ஏறத்தாழ இப்படிக் கட்டப்பட்டதுதான். மேலும் கீழும் தசைநாண்கள் தகடுபோல் விரிந்து தசைக்குள் நுழைகின்றன. நார்க்கற்றைகள் ஒரு தகட்டிலிருந்து மற்றொன்றுக்குச் சாய்ந்து செல்கின்றன. தசை மொத்தமாக ஓரடிக்கு மேல் இருந்தாலும், ஒரு நார்க்கற்றை பத்து, பதினொரு சென்டிமீட்டர்தான் இருக்கும். ஓலை சற்று நீண்டு, மட்டையை நோக்கி இன்னும் கொஞ்சம் படிந்துகொண்டால் கீற்றின் மொத்த நீளம் மாறாது. உங்கள் பிசியோதெரபிஸ்ட் சொல்வது இந்த ஓலையின் நீளத்தைத்தான். அந்தச் சாய்கோணம் குறைவதும் கற்றை நீள்வதும் பெரும்பாலும் சேர்ந்தே நடக்கின்றன.

ஓலைக்குள் இன்னும் இறங்கினால் சார்கோமியர்கள் வரும். சுருங்கும் வேலையைச் செய்யும் மிகச் சிறிய அலகு அது. மனிதத் தசையில் அது நன்றாக இழுக்கக்கூடிய நீளம் 2.7 மைக்ரோமீட்டர் அளவு. ரயில் பெட்டிகளைப்போல் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தால் 10.5 சென்டிமீட்டர் நாரில் சுமார் 3,90,000 சார்கோமியர்கள் இருக்கும். வரிசையில் பெட்டிகள் கூடினால் நார் நீளும். பக்கத்தில் புதிய தண்டவாளங்கள் கூடினால் தசை பருக்கும். ஜிம் கண்ணாடியில் தெரிவது இரண்டாவது மட்டும்.

9 ஜூன், காலை 6.40

இரவில் எழுதிய கணக்கில் ஒரு சுழியம் கூடிவிட்டது. 10.5 சென்டிமீட்டர் என்றால் 1,05,000 மைக்ரோமீட்டர், அதை 2.7-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 39,000 வரும். என் வகுப்பில் ஒரு மாணவன் இப்படிச் செய்திருந்தால் மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டிருப்பேன். நான் உடற்கல்வி ஆசிரியன், கணக்கு ஆசிரியன் அல்லன் என்பதைப் படிப்பவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளவும்.

11 ஜூன், இரவு 9.30

இதில் எனக்கு என்ன அக்கறை என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

2023 ஜனவரியில் எங்கள் பள்ளி விளையாட்டு விழாவில் ஆசிரியர்களுக்கான 100 மீட்டர் ஓட்டம் நடந்தது. எனக்கு அப்போது 42 வயது. இளமையில் மாவட்ட அளவில் ஓடியவன் என்ற நினைப்பு இருந்ததே தவிர, அந்த ஆண்டு முழுவதும் ஒரு நாளும் முழு வேகத்தில் ஓடியிருக்கவில்லை. எழுபது மீட்டர் தாண்டியதும் வலது பின்தொடையின் நடுவில் யாரோ கல்லால் அடித்ததுபோல் இருந்தது. திரும்பிப் பார்த்தேன், யாரும் இல்லை. அடுத்த அடி விழவில்லை. மறுநாள் முழங்காலுக்குச் சற்று மேலே கத்தரிக்காய் நிறத்தில் இரத்தம் இறங்கிக் கட்டியிருந்தது. இந்த ஓட்டத்தில் வென்றது வேதியியல் ஆசிரியர். அவர் எப்போதும் சாப்பிட்ட இடத்தைவிட்டு எழுந்திருக்கவே யோசிப்பவர்.

ஏன் அந்த இடத்தில், அந்த நொடியில் கிழிந்தது? ஓடும்போது காலை முன்னால் வீசி, பாதம் தரையைத் தொடுவதற்குச் சற்று முன், முழங்கால் வேகமாக நிமிர்கிறது. அந்த நிமிர்வுக்குக் கடிவாளம் போடுவது பின்தொடைத் தசை. அது நீண்டுகொண்டே இருக்கிறது, நீளும்போதே முழு வலுவோடு இழுக்கவும் செய்கிறது. அந்தக் கணத்தில் நேராக நிற்கும்போது உள்ளதைவிட அது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு கூடுதலாக நீண்டிருக்கும். பின்தொடையில் இருக்கும் தசைகளில் பைசெப்ஸ் ஃபெமோரிஸின் நீண்ட தலைதான் அதிகம் நீள்கிறது. அதிகம் கிழிவதும் அதுவே.

திருத்திய கணக்கை இங்கே கொண்டுவருகிறேன். நார்கள் 2 சென்டிமீட்டர் நீள வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 39,000 சார்கோமியர்கள் அதைப் பங்குபோட்டால் தலைக்கு 0.51 மைக்ரோமீட்டர். பத்து விழுக்காடு கூட்டி 43,000 ஆக்கினால் 0.47. வித்தியாசம் அற்பமாகத் தெரியும். ஆனால் சார்கோமியர் அளவுக்கு மேல் இழுபட்டால் அதற்குள் இருக்கும் இரு வகை இழைகள் ஒன்றையொன்று பற்றும் இடம் குறைந்துகொண்டே போகிறது, வலுவும் கூடவே குறைகிறது. வரிசையில் பலவீனமான ஒன்று இழுபட்டு இன்னும் பலவீனமாகி, மேலும் இழுபடும். 1990-இல் டேவிட் மார்கன் என்ற ஆஸ்திரேலிய ஆய்வாளர் முன்வைத்த விளக்கம் இதுதான். பாரம் பகிரப்பட்டால் அந்தச் சரிவு தள்ளிப்போகிறது.

14 ஜூன், மாலை

நார்டிக் போன்றவற்றை 'எக்சென்ட்ரிக்' பயிற்சி என்பார்கள். அந்தச் சொல்லுக்குத் தமிழ் கேட்கிறார்கள். கலைச்சொல் தேடி எனக்குத் திருப்தி வரவில்லை. ஜிம்காரர்கள் 'நெகட்டிவ்' என்கிறார்கள், அது பரவாயில்லை. பொருளைச் சொன்னால் போதும் என்று நினைக்கிறேன். கிணற்றில் வாளியை இறக்கும்போது கயிறு கைக்குள் ஓடாமல் பிடித்துப் பிடித்து விடுகிறோம் அல்லவா, அந்த வேலை. தசை இழுக்கிறது, ஆனாலும் நீள்கிறது.

பழனி மலையின் 693 படிகளையும் ஏறி இறங்கியவர்களுக்கு விளக்கமே தேவையில்லை. ஏறும்போது மூச்சு வாங்கும். இறங்கும்போது மூச்சு வாங்காது. பாதி வழியில் முன்தொடை தானாக நடுங்கத் தொடங்கும். மறுநாள் வீட்டு மாடிப்படியில் பக்கவாட்டாகத்தான் இறங்க முடியும். ஏறியதால் வலிக்கிறது என்று எல்லோரும் சொல்வார்கள், அது பெரும்பாலும் இறங்கியதன் வலி. லாக்டிக் அமிலம் சேர்ந்துவிட்டது என்பார்கள். இறங்குவதற்கு ஆக்சிஜன் செலவு மிகக் குறைவு, அமிலம் அப்படிச் சேர்வதற்கு அங்கே வழியே இல்லை.

இந்தக் குறைந்த செலவை 1952-இல் ஆபட், பிக்லண்ட், ரிட்சி ஆகிய மூவரும் இங்கிலாந்தில் அழகாகக் காட்டினார்கள். இரண்டு சைக்கிள்களை முதுகோடு முதுகாக வைத்து ஒரே சங்கிலியால் இணைத்தார்கள். ஒருவர் முன்னோக்கி மிதிக்க, மற்றவர் பின்னோக்கிச் சுழலும் பெடலை எதிர்த்து அழுத்தினார். இருவர் காலிலும் விசை ஒன்றே. ஆனால் எதிர்த்தவருக்கு ஆன ஆக்சிஜன் செலவு மிதித்தவருடையதைவிடப் பல மடங்கு குறைவு. உடல் சிறுத்த ஒருவர் எதிர்த்து உட்கார்ந்தே பெரிய ஆளை ஓய்த்துவிடலாம். எங்கள் பள்ளி சைக்கிள் நிறுத்தத்தில் இதைச் செய்துபார்க்க எனக்கு ஆசை, தலைமையாசிரியர் அனுமதிக்கமாட்டார்.

19 ஜூன்

சார்கோமியர் கூடுகிறது என்று சொல்லிவிட்டுச் சான்று தராமல் விட்டேன்.

1972-இல் பூனையின் காலில் மாவுக்கட்டுப் போட்டு, கெண்டைக்காலில் உள்ள சோலியஸ் தசையை நீண்ட நிலையில் சில வாரங்கள் வைத்திருந்தார்கள். வரிசையில் உள்ள சார்கோமியர்கள் ஏறக்குறைய 20 விழுக்காடு கூடின. சுருங்கிய நிலையில் கட்டியபோது 40 விழுக்காடு குறைந்தன. கூடுவதைவிடக் குறைவது சுலபம் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் பேச வேண்டிவரும். 1994-இல் லின், மார்கன் இருவரும் எலிகளை ட்ரெட்மில்லில் ஓடவிட்டார்கள். சரிவில் இறங்கி ஓடிய எலிகளின் முன்தொடைத் தசையில், ஏறி ஓடிய எலிகளைவிட வரிசைச் சார்கோமியர்கள் அதிகம் இருந்தன. 2001-இல் மனிதர்களிடம் பின்தொடைப் பயிற்சிக்குப் பிறகு, தசை அதிகபட்ச வலுவைக் காட்டும் முழங்கால் கோணமே இன்னும் நீண்ட நிலையை நோக்கி ஏழெட்டு பாகை நகர்ந்தது. நார் நீண்டிருந்தால் இப்படித்தான் ஆகும்.

ஆகவே கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது என்றே நினைக்கிறேன்.

20 ஜூன், காலை

கிடைக்கவில்லை. அவசரப்பட்டுவிட்டேன்.

பூனையையும் எலியையும் அறுத்து எண்ணினார்கள். உயிரோடிருக்கும் மனிதனின் தொடையில் அப்படி எண்ண முடியாது. அல்ட்ராசவுண்டில் தெரிவது கற்றையின் நீளம் மட்டும். கற்றை நீண்டது பெட்டிகள் கூடியதாலா, இருக்கிற பெட்டிகள் ஒவ்வொன்றும் இழுபட்டு நின்றதாலா என்பதைப் படம் சொல்லாது. 2022-இல் வெளியான ஓர் ஆய்வில், மூன்று வாரம் நார்டிக் செய்தவர்களின் தொடைக்குள் மயிரிழைபோன்ற நுண்காட்டி ஒன்றைச் செலுத்தி, சார்கோமியரின் நீளத்தையே அளந்தார்கள். கற்றை நீண்டிருந்தது. ஆனால் கீழ்ப்பகுதியில் சார்கோமியர்களும் ஏறத்தாழ அதே அளவுக்கு நீண்டிருந்தன. எண்ணிக்கை கூடியதற்குச் சான்று இல்லை. அதாவது மூன்று வாரத்தில் ரயிலுக்குப் புதிய பெட்டி வரவில்லை, இருந்தவை இழுபட்டு நிற்கின்றன.

நான் நேற்று எழுதியதை அழிக்கவில்லை. எலியிலிருந்து மனிதனுக்கு ஒரே தாவலில் வந்ததற்கு அடையாளமாக அது அங்கேயே இருக்கட்டும்.

20 ஜூன், இரவு

ஒன்பது வாரம் பயிற்சி கொடுத்து அதே போன்ற கருவியால் அளந்த புதிய ஆய்வும் இருக்கிறது என்பதை மறந்துபோனேன். அதில் சார்கோமியர்களின் எண்ணிக்கை கூடியிருந்தது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் எனக்குத் தோன்றுவது இது: முதல் வாரங்களில் நார் இழுபட்டு நிற்கிறது, அந்த இழுப்பு நீடித்தால் செல்கள் புதிய சார்கோமியர்களைக் கோத்து, ஒவ்வொன்றையும் அதற்கு வசதியான நீளத்துக்குத் திருப்புகின்றன. மூன்று வாரத்தில் பயிற்சியை விட்டுவிடுகிறவர் கட்டுமானத் தொழிலாளர்கள் வந்து இறங்கிய அன்றே வீட்டுவேலையை நிறுத்துகிறார்.

24 ஜூன்

"மூன்றாம் நாளே உட்கார முடியவில்லை, இது சரியா?" என்று கேள்வி கேட்ட நண்பர் எழுதியிருக்கிறார். எத்தனை செய்தீர்கள் என்றேன். முதல் நாளே பத்து பத்தாக மூன்று சுற்று என்றார். நானும் இதே முட்டாள்தனத்தைச் செய்தவன் என்பதால் ஏசவில்லை.

தெரியாதவர்களுக்குப் பயிற்சியை விவரிக்கிறேன். முழங்காலிட்டு நிமிர்ந்து நிற்க வேண்டும். பின்னால் ஒருவர் இரு கணுக்கால்களையும் தரையோடு அழுத்திப் பிடித்துக்கொள்வார். முழங்காலிலிருந்து தோள்வரை ஒரே கோடாக வைத்துக்கொண்டு மெல்ல முன்னால் சாய வேண்டும். இடுப்பில் மடியக் கூடாது. பின்தொடை தாங்கும்வரை தாங்கி, விட்டுப்போனதும் கைகளை ஊன்றி விழ வேண்டும். எழுவதற்குக் கையால் தள்ளிக்கொள்ளலாம், எழும் பாதிக்கு மதிப்பெண் கிடையாது. எங்கள் மாணவர்கள் இதற்கு வைத்த பெயர் 'சார் விழுகிறார்'.

நான் இதைத் தொடங்கியபோது என் கணுக்காலைப் பிடித்தவன், அப்போது பத்தாம் வகுப்புப் படித்த என் மகன். நான் விழுவதற்கு முன்னால் இரண்டு இலவம்பஞ்சுத் தலையணைகளைப் போட்டுவைத்தோம். அவன் பக்கத்தில் செல்போனை நிறுத்திப் படம் எடுத்து, அதை நிறுத்தி நிறுத்தி, திரையின்மேல் பாகைமானியை வைத்து நான் எந்தக் கோணத்தில் 'உடைகிறேன்' என்று குறித்துவைத்தான். முதல் வாரம் 28 பாகை சாய்ந்ததும் பொத்தென்று விழுந்தேன். பத்தாம் வாரம் 51. பாகைமானியில் இரண்டு மூன்று பாகை பிழை இருக்கும். அதைக் கழித்தாலும் முன்னேற்றம் நிற்கும்.

முதல் நாள் முப்பது முறை விழுந்ததன் பலன், மறுநாளும் அதற்கு மறுநாளும் நாற்காலி விளிம்பு தொடையில் படும்போதெல்லாம் எழுந்து நின்று பாடம் எடுத்தேன். கீழே விழுந்த விசிலை ஒரு மாணவிதான் எடுத்துக்கொடுத்தாள். நார்டிக்கைச் சோதித்த டென்மார்க் ஆய்வில் முதல் வாரம் என்ன செய்தார்கள் தெரியுமா? ஒரே ஒரு நாள், ஐந்தைந்தாக இரண்டு சுற்று. பத்து முறை, அவ்வளவுதான். இரண்டாம் வாரம் இரண்டு நாள், ஆறாறாக. அதன்பின்தான் வாரம் மூன்று நாள். முதலில் கொஞ்சம் வலித்த தசை அடுத்த முறை அதே வேலைக்கு அவ்வளவு வலிப்பதில்லை. அந்தப் பாதுகாப்பு வாரக்கணக்கில் நீடிக்கிறது. அதைச் சிறிய விலைக்கு வாங்க முடியும்போது பெரிய விலை கொடுப்பானேன்.

25 ஜூன்

அந்த டேனிஷ் ஆய்வைப் பற்றிக் கேட்டார்கள். 2011-இல் வெளியானது. 50 கால்பந்து அணிகள், 942 ஆட்டக்காரர்கள்; அணி அணியாகச் சீட்டுக் குலுக்கிப் பிரித்தார்கள். வழக்கமான பயிற்சி மட்டும் செய்த பக்கத்தில் 52 பின்தொடைக் காயங்கள், நார்டிக் சேர்த்த பக்கத்தில் 15. ஏற்கெனவே ஒருமுறை கிழிந்தவர்களுக்குப் பலன் இன்னும் அதிகம். கேள்வி கேட்டவருக்கு இதுவே போதுமான காரணம். நார் நீள்கிறதா என்ற தத்துவ விசாரம் எனக்காக.

2016-இல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில் 152 கால்பந்து வீரர்களைப் பருவத்துக்கு முன் அளந்து தொடர்ந்து கவனித்தார்கள். பைசெப்ஸ் ஃபெமோரிஸின் நீண்ட தலையில் கற்றை 10.56 சென்டிமீட்டருக்குக் குறைவாக இருந்தவர்களுக்குக் காயம்படும் வாய்ப்பு நான்கு மடங்கு. இந்த இரண்டு தசமத்தைப் பார்த்ததும் எனக்கு மரியாதை வந்தது. ஒரு வாரம்தான் அந்த மரியாதை நின்றது, காரணத்தை அடுத்து எழுதுகிறேன்.

2 ஜூலை

என் நண்பர் ஒருவர் ஸ்கேன் எடுக்கும் மருத்துவர். ஞாயிறு காலை அவருடைய அறையில் குப்புறப் படுத்தேன். குளிர்ந்த ஜெல்லைத் தொடையில் பூசி, உட்காரும் எலும்புக்கும் முழங்கால் மடிப்புக்கும் நடுவே கருவியை வைத்தார். திரையில் மேலே ஒரு வெள்ளைக் கோடு, கீழே ஒரு வெள்ளைக் கோடு, இடையில் சீப்பால் வாரியதுபோல் சாய்ந்த சாம்பல் வரிகள். அவைதான் கற்றைகள். கருவியை அவர் ஒரு நூல் அளவு சாய்த்ததும் வரிகள் மங்கி மறைந்தன; திருப்பியதும் வந்தன. சற்று அழுத்தியதும் தசை தட்டையாகி வரிகள் படுத்துக்கொண்டன. "இப்போது உன் தசை நீண்டுவிட்டது" என்று சிரித்தார்.

அது வெறும் நகைச்சுவை இல்லை. கருவியின் முகம் நான்கு, ஐந்து சென்டிமீட்டர் அகலம். கற்றையோ பத்து சென்டிமீட்டருக்கு மேல். பாதிக்குமேல் திரைக்கு வெளியே இருக்கிறது. அதனால் தெரிகிற பகுதியின் சாய்கோணத்தையும் தசையின் கனத்தையும் அளந்து மீதியைக் கணக்கால் நீட்டுகிறார்கள். எளிமையாக வைத்தால், கனத்தைக் கோணத்தின் சைனால் வகுப்பது. கனம் 2.4 சென்டிமீட்டர், கோணம் 13 பாகை என்றால் கற்றை 10.67. அதையே 12 என்று படித்தால் 11.54. 14 என்று படித்தால் 9.92. ஒரே ஒரு பாகை தவறினால் ஏறக்குறைய எட்டு விழுக்காடு! பல பயிற்சி ஆய்வுகள் காட்டும் நீட்சியே ஒன்றிரண்டு சென்டிமீட்டர்தான். அதிலும் கற்றைகள் நேர்கோடாகச் செல்வதாக எண்ணிக் கணக்கிடுகிறார்கள், அவை வளைந்தே செல்கின்றன.

அளவீடே பொய் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. பழகிய ஒரே கை, ஒரே இடம், ஒரே அழுத்தம் என்றால் பிழை வெகுவாகக் குறையும். கருவியைத் தசை நெடுகிலும் நகர்த்தி ஒரே நீண்ட படமாகத் தைக்கும் முறையும் இருக்கிறது, அதில் ஊகத்துக்கு வேலை குறைவு. ஆனால் 10.56 என்ற எண்ணைக் கேள்விப்பட்டுத் தெருமுனை ஸ்கேன் மையத்தில் போய்ப் படுக்க வேண்டாம். அந்த எண் அந்த ஆய்வாளரின் கைக்கும் கருவிக்கும் உரியது.

9 ஜூலை

ஒருவர் காட்டமாகவே எழுதியிருக்கிறார்: தசை நீள்வதற்கு நெகட்டிவ் மட்டுமே காரணம் என்று நான் எழுதிவருவது தவறாம், பாரம் ஏற்றும் பாதியிலும் நீளுமாம். மேலே தேடிப் பார்த்தேன். 'மட்டுமே' என்ற சொல் என் குறிப்புகளில் அந்தப் பொருளில் இல்லை; ஆனாலும் அந்த வாசம் அடிக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

முன்தொடைக்குப் போவோம். 2014-இல் பத்து வாரம் லெக் பிரஸ் (காலால் பாரத்தைத் தள்ளும் கருவி) செய்யவைத்த ஆய்வில் ஒரு குழு தள்ளுவதை மட்டும் செய்தது, மற்றொரு குழு தாங்கி இறக்குவதை மட்டும் செய்தது. இறக்கியவர்கள் அதிகப் பாரத்தைத் தாங்கினார்கள். தொடையின் வெளிப்புறம் இருக்கும் வாஸ்டஸ் லேட்டராலிஸ் தசையின் கன அளவு இரு குழுவிலும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி கூடியது: தள்ளியவர்களுக்கு 8 விழுக்காடு, இறக்கியவர்களுக்கு 6. கட்டமைப்புதான் வேறு. இறக்கியவர்களின் கற்றை 12 விழுக்காடு நீண்டு, சாய்கோணம் 5 விழுக்காடுதான் கூடியது. தள்ளியவர்களின் கற்றை 5 விழுக்காடு நீண்டு, சாய்கோணம் 30 விழுக்காடு கூடியது. பருமனும் ஒரே இடத்தில் சேரவில்லை. தள்ளியவர்களுக்குத் தசையின் நடுவிலும் இறக்கியவர்களுக்கு முழங்காலை ஒட்டிய கீழ்ப்பகுதியிலும் அதிகம் சேர்ந்தது. ஒரே சிமென்ட், ஒரே செங்கல். ஒருவர் மாடி எடுத்தார், மற்றவர் தாழ்வாரத்தை நீட்டினார்.

அப்படியானால் என் பக்கம்தான் சரி என்று எழுதலாம். ஆனால் 2007-இல் வெளியான பத்து வார ஆய்வில், முழங்கால் நீட்டும் கருவியில் இரு குழுவுக்கும் கற்றை ஏறக்குறைய சமமாகவே நீண்டது. இரு குழுவும் தசையை நன்றாக நீட்டிய கோணம்வரை போய்வந்தன. எனவே எந்தத் திசையில் வேலை செய்கிறது என்பதோடு, எந்த நீளத்தில் வேலை செய்கிறது என்பதும் சேர்ந்து முடிவுசெய்கிறது. பின்தொடையில் 2016-இல் செய்த மற்றோர் ஆய்வு வேறு திசையைக் காட்டியது: நீட்டித் தாங்கியவர்களுக்குக் கற்றை நீண்டது, சுருக்கி இழுத்தவர்களுக்குக் குறுகியது. காட்டமாக எழுதிய நண்பருக்குப் பாதி மதிப்பெண், எனக்கும் பாதி.

நம் பஸ்கியும் தோப்புக்கரணமும் இதில் எங்கே என்று கேட்காமல் இருக்கமாட்டீர்கள். இரண்டிலும் இறங்கும் பாதி முன்தொடைக்கு எக்சென்ட்ரிக்தான். ஆனால் சொந்த உடல் எடையை இரண்டு கால்களும் பங்கிட்டு, நூறு முறை வேகமாக ஏறி இறங்கும்போது ஒவ்வொரு முறையும் விழும் பாரம் சிறிது. முதல் நாள் வலிக்கும், பிறகு பழகிவிடும். பின்தொடைக்கு அதில் பெரிதாக வேலையே இல்லை.

16 ஜூலை

சிறு குறிப்பு. நார்டிக் பின்தொடை முழுவதையும் சமமாகத் தொடுவதில்லை. 2017-இல் ஒப்பிட்டபோது நார்டிக் செய்தவர்களுக்கு உட்புறத் தசையான செமிடெண்டினோசஸும் பைசெப்ஸின் குட்டைத் தலையும் அதிகம் பருத்தன; இடுப்பை நீட்டும் பயிற்சி செய்தவர்களுக்குத்தான் நீண்ட தலை அதிகம் பருத்தது. கற்றை நீள்வது மட்டும் இரண்டிலும் நடந்தது. நார்டிக்கில் இடுப்பு நிமிர்ந்தே இருக்கிறது, மேல்முனையில் தசை நீள்வதில்லை. முழங்காலை மடக்கும் லெக் கர்ல் கருவியில்கூடக் குப்புறப் படுத்துச் செய்வதைவிட உட்கார்ந்து செய்தால் பருமன் அதிகம் கூடியது என்று 2021-இல் ஜப்பானில் காட்டினார்கள். உட்காரும்போது இடுப்பு மடிந்து பின்தொடை ஏற்கெனவே நீண்டிருக்கிறது. நான் இப்போது வாரம் ஒருநாள் விழுகிறேன், ஒருநாள் ஒற்றைக் காலில் குனிந்து நிமிர்கிறேன்.

3 செப்டம்பர்

காலாண்டுத் தேர்வுக்கு முன்னேற்பாடு, மகனின் கல்லூரிச் சேர்க்கை, மாமியாருக்குக் கண் அறுவை சிகிச்சை. ஐந்து வாரம் முழங்காலிடவில்லை. நேற்று விழுந்து பார்த்தோம்: 44 பாகை.

பூனையின் மாவுக்கட்டை நினைவுபடுத்துகிறேன். 2018-இல் ஓர் ஆய்வு ஒரு குழுவுக்கு ஆறு வாரத்தில் மொத்தம் 128 நார்டிக்கும் மற்றதற்கு 440-உம் கொடுத்தது. கற்றை நீண்டது இரண்டிலும் ஏறத்தாழ ஒரே அளவு. அடுத்து இரண்டு வாரம் சும்மா இருக்கச் சொன்னார்கள். இரு குழுவிலும் கற்றை கணிசமாகக் குறுகியது. கூலிக்கு மும்மடங்கு உழைத்தவனுக்கும் சேமிப்பு இல்லை. கேள்வி கேட்ட நண்பர் வாரம் மூன்று நாளா நான்கு நாளா என்று பட்டியல் போட்டு அனுப்பியிருந்தார். டேனிஷ்காரர்கள் பத்து வாரத்துக்குப் பிறகு வாரம் ஒரே ஒரு நாள்தான் கொடுத்தார்கள். அந்த ஒரு நாளை விடாமல் இருங்கள்; நான் விட்டேன்.

28 செப்டம்பர்

மீண்டும் ஸ்கேன். முதல் ஸ்கேனில், முன்பு கிழிந்த வலது தொடை 9.8, இடது தொடை 10.9 சென்டிமீட்டர் என்று நண்பர் கணக்கிட்டிருந்தார். ஒருமுறை கிழிந்த தசையில் கற்றை மறுகாலைவிடக் குறுகியிருப்பது 2015-இலேயே பதிவானது. ஆனால் முன்பே குறுகியிருந்ததால் கிழிந்ததா, கிழிந்ததால் குறுகியதா என்று என்னைப் போன்றவனைப் பின்னால் அளந்து சொல்ல முடியாது. இன்று வலது 10.6. நான்கு வாரமாக ஒழுங்காக விழுந்ததற்குப் பரிசு என்று மகிழ்ந்து எழுந்தேன்.

"படு" என்றார். ஜெல்லைத் துடைத்துவிட்டு, பத்து நிமிடம் கழித்து மறுபடி வைத்தார். 10.1.

முதல் ஸ்கேனில் தோலின்மேல் பேனாவால் குறித்த இடம் எங்கே என்று கேட்டார். அதை அடுத்த சனிக்கிழமையே எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டேன் என்றேன். அடுத்த முறை இடுப்பெலும்பிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் என்று நோட்டில் எழுதிவைக்கச் சொல்லியிருக்கிறார்: இன்று வைத்த இடம் 19.5.